மாத்திரை தராம கதை கேக்குறாங்களே!

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 41 வயசு. ரெண்டு வருஷமா பின்கழுத்துலயும் இடது கணுக்கால்லயும் தீராத அரிப்பு, சொறிஞ்சு சொறிஞ்சு தோல் கருத்து தடிச்சுப் போச்சு. ஆயின்ட்மென்ட் போட்டா ஒரு வாரம் நல்லாருக்கு, அப்புறம் பழையபடிதான். வீட்டுக்காரருக்கு வேலை போனதுல இருந்து ரொம்ப ஜாஸ்தி. கத்திரிக்காய், கருவாடு எல்லாம் நிறுத்திப் பாத்தாச்சு. ஸ்கின் டாக்டர் ஒரு சைக்காலஜிஸ்ட்கிட்ட அனுப்புனாங்க, அவங்க முக்கால் மணி நேரம் என் கதையத்தான் கேட்டாங்க, ஊசி இல்ல, மாத்திரை இல்ல, இதைச் செய்யுன்னு ஒரு வார்த்தை இல்ல. காசு குடுத்து கதை பேசிட்டு வந்தியான்னு மாமியார் கேக்குறாங்க. எனக்கு என்ன பைத்தியமா? திரும்பப் போகணுமா?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: பைத்தியமெல்லாம் இல்லம்மா. கண்டிப்பா திரும்பப் போங்க. நீங்க சொல்றதைப் பாத்தா லைக்கன் சிம்ப்ளெக்ஸ்னு சொல்ற வகை மாதிரி தெரியுது, உறுதியா உங்க ஸ்கின் டாக்டர்தான் சொல்லணும். இதுல அரிக்குதுன்னு சொறியுறோம், சொறியச் சொறிய தோல் தடிக்குது, தடிச்ச தோல் இன்னும் அரிக்குது, இப்படியே சுத்திக்கிட்டே இருக்கும். மனசுல பாரம் ஏறும்போது அரிப்பும் கூடும், கையும் தன்னால அங்க போகும். ராத்திரி டிவி பாக்குறப்போ வலது கால் குதிகால வச்சு இடது கணுக்கால தேய்ச்சுக்கிட்டே இருப்பீங்க, சீரியல் முடிஞ்சு எரிச்சல் வந்தப்புறம்தான் தெரியும். ஆயின்ட்மென்ட் தோலை ஆத்தும், ஆனா அந்தக் காலை யாரு நிறுத்துறது?

அதுக்குத்தான் ஹேபிட் ரிவர்சல்னு ஒரு முறை இருக்கு, 1973-ல அஸ்ரின், நன்னுன்னு ரெண்டு அமெரிக்க சைக்காலஜிஸ்ட்டுங்க எழுதுனது, அப்புறம் கரப்பான், அதாவது எக்ஸிமாங்கற தோல் அரிப்பு நோய் இருக்கறவங்களுக்கும் கொண்டு வந்தாங்க. முதல் ஒரு வாரம் எதையும் மாத்த வேண்டாம், எண்ணுனா போதும். நாமம் ஜெபிக்கிறவங்க விரல்ல மாட்டி அமுக்குவாங்களே, அந்த கவுண்ட்டர் பூஜை சாமான் கடையிலயே கிடைக்கும், கை சொறியப் போறப்பல்லாம் ஒரு அமுக்கு அமுக்குங்க. ஒரு நாளைக்கு எத்தனை வருதுன்னு பாத்தா நீங்களே அசந்துடுவீங்க, எந்த நேரத்துல, யார் பேசுனப்புறம் கூடுதுன்னும் தெரிஞ்சிடும். அடுத்த வாரத்துல இருந்து அரிப்பு எடுத்தா ரெண்டு கையையும் இறுக்கி மூடி முப்பது வரைக்கும் எண்ணுங்க, அப்பவும் அடங்கலைன்னா அந்த இடத்தை நகத்தால சும்மா அழுத்துங்க, தேய்க்கக் கூடாது. க்ரீம், ஆயின்ட்மென்ட் எதையும் விடாதீங்க. ஜெர்மனியில 1995-ல வந்த ஒரு ஆராய்ச்சியில கரப்பான் நோயாளிங்களுக்கு மருந்தோட மன இறுக்கம் தளர்த்துற பயிற்சி, சொறியுறதைக் கட்டுப்படுத்துற பயிற்சி எல்லாம் சேர்த்துக் குடுத்தாங்க, வெறும் மருந்து மட்டும் போட்டவங்களை விட ஒரு வருஷம் கழிச்சும் அவங்க தோல் நல்லாருந்தது, ஸ்டீராய்டு க்ரீமும் கம்மியாத்தான் தேவைப்பட்டுச்சு.

இப்போ "ஒண்ணுமே சொல்லல"ங்கற வருத்தத்துக்கு வர்றேன், அது எனக்கு நல்லாவே புரியுது. நம்ம ஊர்ல டாக்டர்கிட்ட போனா நாடி பிடிக்கணும், சீட்டு எழுதணும், பெரியவங்களா நாலு வார்த்தை புத்தி சொல்லணும்னுதான் நாம வளந்திருக்கோம், அதை அறியாமைன்னு நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஜஸ்வந்த் சிங் நேக்கின்னு ஒரு மனநல டாக்டர் 1973-லயே எழுதுனாரு, வெளிநாட்டு தெரபிஸ்ட் மாதிரி ஒதுங்கி உக்காந்து கேக்குறது நம்ம ஜனங்களுக்கு ஒத்து வராது, குரு-சிஷ்யன் உறவு மாதிரி வழிகாட்டுறதுதான் பொருந்தும்னு. அதனால அடுத்த தடவை போனதும் கூச்சப்படாம கேளுங்க, "மேடம், நான் வீட்ல என்ன செய்யணும், எத்தனை தடவை வரணும்"னு. முதல் நாள் கதை கேக்குறது நோயைப் புரிஞ்சுக்கத்தான், அதையும் அவங்க உங்களுக்கு எடுத்துச் சொல்லிருக்கணும், சொல்லாம விடுறது எங்க தொழில்ல இருக்கறவங்க அடிக்கடி செய்யுற தப்பு.

மாமியாரையும் ஒருநாள் கூட்டிட்டுப் போங்க. அமிர்தசரஸ் மனநல ஆஸ்பத்திரியில 1950-கள்லயே டாக்டர் வித்யா சாகர் நோயாளியோட குடும்பத்தையும் டென்ட் போட்டுக் கூடவே தங்க வச்சுத்தான் வைத்தியம் பாத்தாரு. உங்க வீட்டுக்காரருக்கு வேலை போன கவலை அவங்களுக்கும்தானே இருக்கும், பாவம்.

கேள்வி: அண்ணனுக்கு சொரியாசிஸ். தியானம் பண்ணா சரியாகும்னு சொல்லி மருந்தை விட்டுட்டான். யாரோடயும் பேசறதில்ல, தூங்கறதும் இல்ல. என்ன செய்யலாம்?
- ஒரு தம்பி, மதுரை

பதில்: தியானம் நல்லதுதான் தம்பி, ஆனா மருந்துக்குப் பதிலா கிடையாது. அமெரிக்காவுல ஜான் கபாட் ஸின் 1998-ல 37 சொரியாசிஸ் நோயாளிங்களை வச்சுப் பாத்ததுல, தியான டேப் கேட்டவங்களுக்கு சீக்கிரம் குணம் தெரிஞ்சது, ஆனா அத்தனை பேரும் புற ஊதா ஒளி சிகிச்சை எடுத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு திடீர்னு நிறுத்திருந்தா நோய் மோசமா கிளம்பும், இந்த வாரமே ஸ்கின் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. வீட்ல அவருக்குன்னு தனித் தட்டு, தனித் துண்டு வச்சிருந்தா இன்னைக்கே எடுத்துடுங்க, இது ஒட்டுற நோய் இல்ல. தூக்கமில்லாம பேசாம இருக்கறதுதான் எனக்குக் கவலையா இருக்கு. டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி ஃபோன் இருக்கு, நம்பர் 14416, காசு கிடையாது, ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். அவரு பேச மாட்டேன்னா முதல்ல நீங்க பேசுங்க.