1934 இதழின் ரத்தக்காட்டேரிக் கதையை மறுபடி அச்சிட

1934-இல் வந்த அமெரிக்க மலிவு இதழில் கிடைத்த ரத்தக்காட்டேரிக் கதையை மறுபதிப்பு செய்யலாமா, எழுதியவர் யாரென்றே தெரியவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். அவசியம் செய்யுங்கள், ஆனால் முதலில் உரிமையைப் பாருங்கள். 1964-க்கு முன் அங்கே வெளியானவற்றுக்கு வெளியானதிலிருந்து 28-ஆம் ஆண்டில் காப்புரிமையைப் புதுப்பித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கே அது பொதுவுடைமை, அதாவது யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதனால் 1961, 1962 புதுப்பித்தல் பதிவேடுகளில் தேடுங்கள், இதழின் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள், எழுதியவர் தன் கதையை மட்டும் தனியாகப் புதுப்பித்திருக்கலாம், அச்சானது புனைபெயராகவும் இருக்கலாம். மற்ற நாடுகளில் பெரும்பாலும் ஆசிரியர் இறந்த ஆண்டுதான் கணக்கு.

அப்புறம் அந்தத் தாள். மரக்கூழ்க் காகிதம், அமிலத்தால் பழுப்பேறி ஓரமெல்லாம் பொடிப்பொடியாக உதிரும், ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு விட்டுவிடும். பாதி திறந்தபடி வைத்து மேலிருந்து படம் எடுங்கள். நடையை மட்டும் தயவுசெய்து திருத்தாதீர்கள், அப்படியே வரட்டும்.