டாக்டர் சொல்றது ஒண்ணு, சீட்டுல இருக்கறது ஒண்ணு: மருந்து சர்வே பத்தி உங்க கேள்விகள்

மருந்து சர்வே, அதாவது யாருக்கு என்ன மருந்து எழுதறாங்கன்னு டாக்டருங்ககிட்ட கேக்கற சர்வே, அதைப் பத்தி கேள்வி அனுப்பச் சொன்னதும் நிறையவே வந்துடுச்சு. பாதி பேர் தீசிஸ் பண்ற பிஜி பசங்க, கொஞ்சம் பேர் மருந்து கம்பெனில இருக்கறவங்க, சில டாக்டருங்க, ஒரு பேஷன்ட். ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் ஒண்ணா சேர்த்துட்டேன். "எனக்கு எந்த மாத்திரை நல்லது"னு கேட்டவங்களுக்கு இங்க பதில் கிடையாது, நான் டாக்டர் இல்ல, டாக்டருங்ககிட்ட கேள்வி கேக்கறதுதான் என் பொழப்பு.

கேள்வி: வைரஸ் சளி காய்ச்சலுக்கு எவ்வளவு அடிக்கடி ஆன்டிபயாட்டிக் எழுதுவீங்கன்னு தீசிஸுக்காக டாக்டருங்ககிட்ட கேட்டேன் மேடம். கிட்டத்தட்ட எல்லாருமே "ரொம்ப அபூர்வமா"னு டிக் பண்ணிட்டாங்க. ஆனா பார்மசி பில்லைப் பார்த்தா கதை வேற மாதிரி இருக்கு. பொய் சொல்றாங்களா?

பொய்னு நான் சொல்ல மாட்டேன். எவ்வளவு அடிக்கடின்னு கேட்டா எந்த டாக்டரும் போன மாசத்து சீட்டையெல்லாம் மனசுல புரட்டிப் பார்த்து எண்ணறதில்ல. தான் எப்படிப்பட்ட டாக்டர்னு அவருக்குள்ள ஒரு எண்ணம் இருக்கும்ல, அதுதான் பதிலா வருது. போதாக்குறைக்கு கைட்லைன்ல, அதாவது எந்த நோய்க்கு என்ன எழுதணும்ன்ற வழிகாட்டுதல்ல, என்ன இருக்குன்னு அவருக்கு நல்லாவே தெரியும், உங்க கேள்விய படிச்ச உடனே "சரியான விடை" எதுன்னு கண்ணுல பட்டுடுது. 1999ல ஆடம்ஸும் அவங்க சகாக்களும் இதை அலசி ஒரு கட்டுரை போட்டாங்க. கைட்லைன்படி நடக்கறோம்னு டாக்டருங்க சொன்னதையும் நிஜமா நடந்ததையும் ஒப்பிட்ட ஆய்வுகளை எல்லாம் சேர்த்து வெச்சுப் பார்த்தா, சொன்னது நடந்ததைவிட சுமார் 27 சதவீதப் புள்ளி கூடுதல். அதாவது நூத்துக்கு 60 தடவை சரியா எழுதறவங்ககிட்ட கேட்டா 87னு வரும், அந்த அளவு இடைவெளி.

அதனால முதல் வேலையா "வழக்கமா", "பொதுவா", "அடிக்கடி" இதையெல்லாம் கேள்வித்தாள்ல இருந்து அடிச்சுடுங்க. கடைசியா நீங்க பார்த்த சளி இருமல் பேஷன்ட்டுக்கு வயசு என்ன, எத்தனை நாளா காய்ச்சல், என்ன எழுதிக் கொடுத்தீங்கன்னு கேளுங்க. அப்புறம் அதுக்கு முந்தின பேஷன்ட், அதுக்கும் முந்தினவர், இப்படி ஒரு நாலஞ்சு பேர். ஒரு குறிப்பிட்ட ஆள் ஞாபகத்துக்கு வந்துட்டா கைட்லைன் கொஞ்சம் பின்னாடி போயிடும், "அந்தம்மா மறுநாள் ஊருக்குப் போறேன்னு சொன்னாங்க, அதான் எதுக்கும் இருக்கட்டும்னு அசித்ரோமைசின் கொடுத்தேன்"னு அவரே சொல்லுவாரு. டிக் பாக்ஸ்ல இது எந்தக் காலத்துலயும் வராது. ஓபி ரெக்கார்டை பக்கத்துல வெச்சுக்கிட்டு பதில் சொல்லச் சொன்னா இன்னும் நல்லது.

ஆனா பார்மசி பில்லையும் அப்படியே நம்பிடாதீங்க, அதுல எதுக்காக எழுதினாங்கன்னு இருக்காது, சீட்டே இல்லாம வாங்கிட்டுப் போனவங்களும் அதுல கலந்திருப்பாங்க. ரெக்கார்டுல இருந்தே எடுக்கறதா இருந்தா உலக சுகாதார நிறுவனம் 1993ல போட்ட மருந்துப் பயன்பாட்டு அளவுகோல் இன்னிக்கும் உதவும். 20 மையம், மையத்துக்கு 30 பேஷன்ட், மொத்தம் 600. ஒரு ஆளுக்கு சராசரியா எத்தனை மருந்து, அதுல எத்தனை ஜெனரிக் பேர்ல (பிராண்ட் பேர் இல்லாம மருந்தோட பொதுப் பேர்ல), ஆன்டிபயாட்டிக் எத்தனை பேருக்கு, ஊசி எத்தனை பேருக்கு, அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருந்து எத்தனை, அவ்வளவுதான் விஷயம். தீசிஸுக்கு தாராளமா போதும்.

கேள்வி: அப்போ கற்பனை கேஸ் கொடுத்து "இவருக்கு என்ன எழுதுவீங்க"னு கேட்டா சரியா வருமா?

எதை அளக்கறீங்கன்றதைப் பொறுத்தது. 2000ல பீபாடி குழு ஜாமான்ற மருத்துவ ஜர்னல்ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, பேஷன்ட் மாதிரி நடிக்கறவங்களை டாக்டருங்ககிட்ட அனுப்பி, அதே டாக்டருங்களுக்கு எழுத்துல கற்பனை கேஸும் கொடுத்து, கேஸ் ஷீட்டையும் எடுத்து மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தாங்க. கேஸ் ஷீட்டைவிட கற்பனை கேஸ்தான் நடிகர் கொண்டு வந்த ரிசல்ட்டுக்கு கிட்ட வந்துச்சு. அதனால கற்பனை கேஸை மட்டமா நினைக்காதீங்க.

ஒரே ஒரு சிக்கல், அது காட்டறது டாக்டருக்கு என்ன தெரியும்ன்றதை. தெரிஞ்சதை அவர் செய்வாரான்றது தனிக் கணக்கு. 2024ல சயின்ஸ் இதழ்ல குழந்தைங்க வயித்துப்போக்கு பத்தி ஒரு ஆய்வு வந்துச்சு. ஓஆர்எஸ்தான், அந்த உப்பு சர்க்கரைக் கரைசல்தான், சரியான மருந்துன்னு தெரிஞ்சும் ஏன் கொடுக்கறதில்லன்னு தேடிப் போனா, பெரிய காரணமா வந்தது "பேஷன்ட்டுக்கு அது பிடிக்காது"ன்னு டாக்டர் தானா முடிவு பண்ணிக்கறது. வந்தவங்களே ஓஆர்எஸ் வேணும்னு கேட்டப்போ எழுதறது நல்லாவே ஏறிடுச்சு. உங்க கற்பனை கேஸ்ல பேஷன்ட்டோட எதிர்பார்ப்பு, அவர் கையில இருக்கற காசு, வெளில காத்துக்கிட்டிருக்கற கூட்டம் இதெல்லாம் இல்லன்னா அது பரீட்சை பேப்பராத்தான் இருக்கும், டாக்டரும் பரீட்சை மாதிரியேதான் எழுதுவாரு.

கேள்வி: நான் ஒரு மருந்து கம்பெனில இருக்கேன். இன்னும் வராத எங்க புது மருந்தைப் பத்தி டாக்டர்கள்கிட்ட கேட்டதுல பத்துல எட்டு பேர் "கண்டிப்பா எழுதுவேன்"னு சொல்லிட்டாங்க. எங்க பாஸ் அதை அப்படியே விற்பனைக் கணக்கா மாத்திக்கிட்டு இருக்காரு. எனக்கு பயமா இருக்கு.

பயப்படறது நியாயம்தான், பாஸுக்கு அந்த பயம் இல்லாததுதான் எனக்கு கவலை. சர்வேல அவங்க பார்க்கற மருந்து ஒரு பக்கத்துல பாயின்ட் பாயின்ட்டா எழுதின மருந்து. அதுக்கு விலை தெரியாது, ஸ்டாக் இல்லாம போகாது, பேஷன்ட் "இது வேணாம் டாக்டர்"னு சொல்ல மாட்டாரு. அப்படி ஒண்ணை யாரு வேணாம்பாங்க?

மூக்கால இல்ல, வாயால உறிஞ்சற இன்சுலின் ஞாபகம் இருக்கா, ஃபைசரோட எக்ஸூபெரா. 2006 ஜனவரில அமெரிக்கால அனுமதி கிடைச்சுது, 2007 அக்டோபர்லயே கம்பெனி கைவிட்டுடுச்சு, 280 கோடி டாலர் நஷ்டக் கணக்கு எழுதினாங்க. ஊசி இல்லாத இன்சுலின்னு காகிதத்துல படிச்சா அருமையான மருந்து. ஆனா கருவி பெருசு, வெளில எடுத்து உபயோகிக்கவே கூச்சப்படற மாதிரி, யூனிட் கணக்குக்குப் பழகின டாக்டருக்கு இது மில்லிகிராம் கணக்கு, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நுரையீரல் டெஸ்ட் வேற எடுக்கணும், விலையும் கூட. "ஊசி இல்லாத இன்சுலின் வந்தா எழுதுவீங்களா"ன்ற கேள்விக்குள்ள இதுல எதுவுமே கிடையாது. அல்சைமருக்கு வந்த அடுகானுமாபும் கிட்டத்தட்ட இப்படித்தான், 2021 ஜூன்ல அனுமதி, 2024 ஜனவரில நிறுத்தப் போறோம்னு அறிவிப்பு. அங்க இடிச்சது மருந்து வேலை செய்யுமான்ற சந்தேகமும், அமெரிக்க அரசோட காப்பீடான மெடிகேர் பணம் கொடுக்க போட்ட கட்டுப்பாடும்.

நீங்க கேள்விய மாத்திப் பாருங்க. எழுதுவீங்களா இல்லையான்னு கேக்காம, "கடைசியா பார்த்த பத்து பேஷன்ட்டை நினைச்சுக்கோங்க, இந்த மருந்து அன்னிக்கு கையில இருந்திருந்தா அதுல எத்தனை பேருக்கு கொடுத்திருப்பீங்க, அவங்களுக்கு இப்ப கொடுக்கற எந்த மருந்தை நிறுத்தியிருப்பீங்க"ன்னு கேளுங்க. இந்த ரெண்டாவது பாதிலதான் டாக்டர் தடுமாறுவாரு, ஏன்னா நல்லா கன்ட்ரோல்ல இருக்கற பேஷன்ட்டோட மருந்தை மாத்த யாருக்கும் மனசு வராது, கடைசில மிஞ்சறது புதுசா வர்ற பேஷன்ட்டும் எதுக்கும் அடங்காத கேஸும்தான். அப்புறம் 1966ல ஜஸ்டர் கொண்டு வந்த 0ல (வாய்ப்பே இல்ல) இருந்து 10 (கிட்டத்தட்ட நிச்சயம்) வரைக்கும் போற வாய்ப்பு அளவுகோலை வையுங்க, ஆமா இல்லன்னு கேக்கறதைவிட அது பல மடங்கு மேல். வந்த பதிலையும் அப்படியே கூட்டாம குறைச்சுத்தான் எடுத்துக்கணும். எவ்வளவு குறைக்கணும்னு கேட்டா, எல்லா மருந்துக்கும் பொருந்தற ஒரே நம்பர் கிடையாது. உங்க கம்பெனி இதுக்கு முன்னாடி இறக்கின மருந்துக்கு எடுத்த சர்வே இருந்தா தூசி தட்டி எடுங்க, அப்ப டாக்டருங்க சொன்னது என்ன, முதல் வருஷம் நிஜமா எழுதினது என்னன்னு பாருங்க. அந்த வித்தியாசத்தை பாஸ் மேஜைல வெச்சுட்டு நீங்க வாயே திறக்க வேணாம்.

கேள்வி: நான் இருபது வருஷமா பிராக்டிஸ் பண்றேன். ஜர்னல் படிச்சுத்தான் எழுதறேன், மருந்து கம்பெனில இருந்து வர்ற ரெப் சொல்றதை வெச்சு இல்ல. ஆனா ஒவ்வொரு சர்வேலயும் ரெப்பைப் பத்தியே துருவித் துருவி கேக்கறீங்களே?

கோபப்படாதீங்க டாக்டர். 1982ல ஜெர்ரி அவோர்ன் குழு பாஸ்டன் பக்கம் 85 டாக்டருங்ககிட்ட கேட்டாங்க. உங்களை மாதிரியே பெரும்பாலானவங்க விளம்பரமும் ரெப்பும் பெருசா பாதிக்கறதில்ல, ஆராய்ச்சிக் கட்டுரைதான் முக்கியம்னு சொன்னாங்க. அவோர்ன் கெட்டிக்காரர், கூடவே ரெண்டு மருந்து வகையைப் பத்தி கேட்டு வெச்சிருந்தாரு, வலி மாத்திரை புரோப்பாக்ஸிஃபீனும், மூளைக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டும்னு வித்த மருந்துகளும். ரெண்டுலயும் ஆராய்ச்சி ஒண்ணு சொல்லிச்சு, விளம்பரம் வேற சொல்லிச்சு. கணிசமான பேரோட நம்பிக்கை விளம்பரம் சொன்ன பக்கம் இருந்துச்சு.

2001ல இன்னொண்ணு, பயிற்சி டாக்டருங்ககிட்ட ஸ்டைன்மன் குழு கேட்டது. மருந்து கம்பெனி விளம்பரம் நான் எழுதறதை பாதிக்காதுன்னு 61 சதவீதம் பேர் சொன்னாங்க. மத்த டாக்டருங்களையும் அதே மாதிரி பாதிக்காதுன்னு ஒத்துக்கிட்டவங்க வெறும் 16 சதவீதம்! அதனாலதான் நாங்க நேரா கேக்கறதை விட்டுட்டு சுத்தி வளைச்சு கேக்கறோம், "உங்க பக்கத்துல பிராக்டிஸ் பண்றவங்க இந்த மருந்தை ஏன் எழுத ஆரம்பிச்சாங்க"ன்னு ஒரு கேள்வி வந்தா அது ஊர் வம்பு இல்ல டாக்டர், உங்களைப் பத்தித்தான்.

இந்தத் துறையோட மூத்த ஆய்வே இந்த சந்தேகத்துலதான் ஆரம்பிச்சுது. 1950கள்ல கோல்மன், காட்ஸ், மென்ஸல் மூணு பேரும் இல்லினாய் மாநிலத்துல நாலு ஊர்ல 125 டாக்டருங்களைப் பிடிச்சு, டெட்ராசைக்ளின்ற ஆன்டிபயாட்டிக் அப்ப புதுசு, அதை யார் எப்ப எழுத ஆரம்பிச்சாங்கன்னு தேடினாங்க. டாக்டர் வாயால சொன்ன தேதிய நம்பாம பார்மசில இருந்த சீட்டையே போய் எடுத்தாங்க, எனக்கு இந்த ஒரு முடிவுக்காகவே அவங்களை ரொம்பப் பிடிக்கும். சக டாக்டருங்களோட நெருக்கமா பழகறவங்க சீக்கிரமா எழுத ஆரம்பிச்சாங்கன்னு 1957ல எழுதினாங்க, ரொம்ப நாள் அதுதான் வேதவாக்கா இருந்துச்சு. 2001ல வான் டென் புல்ட்டேயும் லிலியனும் அதே பழைய டேட்டாவை எடுத்து, கம்பெனிங்க எவ்வளவு விளம்பரம் பண்ணாங்கன்ற கணக்கையும் உள்ள சேர்த்துப் பார்த்தா, டாக்டர்கிட்ட இருந்து டாக்டருக்குத் தொத்திக்கிட்ட மாதிரி தெரிஞ்சது காணாமப் போயிடுச்சு. கோல்மன் குழுவோட அந்த மூத்த ஆய்வுக்கு பணம் கொடுத்ததே ஃபைசர்தான்றது தனிக் கதை.

கேள்வி: 20 நிமிஷ சர்வேக்கு பணம் தர்றேன்னு மெயில் வருது. வாங்கலாமா, இல்ல லஞ்சம் மாதிரி ஆயிடுமா?

உங்க நேரத்துக்கு நியாயமான தொகைன்னா தப்பில்ல. நீங்க என்ன பதில் சொன்னாலும் அதே தொகை வரணும், எத்தனை சீட்டு எழுதினீங்கன்றதோட அது கொஞ்சமும் ஒட்டியிருக்கக் கூடாது. ஒழுங்கான சர்வேல நீங்க யாருன்னு கம்பெனிக்குப் போகாது, கம்பெனி யாருன்னு உங்களுக்கும் பெரும்பாலும் சொல்ல மாட்டாங்க. கேள்வி கேக்கற சாக்குல ஒரே பிராண்டோட பெருமையை நாலு ஸ்லைடு காட்டினாலோ, முடிஞ்சதும் "எங்க ரெப் வந்து பார்ப்பாரு"ன்னு சொன்னாலோ அது சர்வேயே இல்ல, அந்தப் பக்கத்தை மூடிட்டு போயிடுங்க.

ஆராய்ச்சி வேஷத்துல விற்பனை நடக்கறது நான் கட்டிவிடற கதை இல்ல. வயாக்ஸ்ன்ற வலி மருந்துக்கு மெர்க் கம்பெனி நடத்தின அட்வான்டேஜ்னு ஒரு டிரையல், அதை வடிவமைச்சதே மார்க்கெட்டிங் பிரிவுதான், டாக்டருங்களை மருந்துக்குப் பழக்கறதுதான் நோக்கம்னு கம்பெனியோட சொந்த ஆவணங்களை வெச்சே 2008ல கட்டுரை வந்துச்சு. வயாக்ஸ் அதுக்கு முன்னாடியே, 2004 செப்டம்பர்ல, இதயப் பிரச்சனையால சந்தைல இருந்து போயிடுச்சு.

கேள்வி: 300 பேருக்கு மெயில் அனுப்பினேன், 21 பதில்தான். என்ன பண்றது?

டாக்டருங்க சர்வேல இது சகஜம். தபால் காலத்துலயே, ஜர்னல்ல வந்த சர்வேக்கள்ல டாக்டருங்க பதில் விகிதம் சராசரியா 54 சதவீதம்தான்னு 1997ல ஆஷ் குழு கணக்கு போட்டாங்க, அதுவும் ஜர்னல் வரைக்கும் வந்தவங்களோட கணக்கு. மெயில்ல அதைவிட கம்மிதான். பணம் தர்றதா இருந்தா முடிஞ்சப்புறம் தர்றேன்னு சொல்றதைவிட சின்னத் தொகையா இருந்தாலும் முதல்லயே கொடுக்கறது நல்லா வேலை செய்யும். போன் பண்ணுங்க, ரிசப்ஷன்ல இருக்கறவங்ககிட்ட மரியாதையா பேசுங்க, அவங்கதான் வாசல்.

எண்ணிக்கையைவிட யாரு விட்டுப்போனாங்கன்னு பாருங்க. மூணாவது ரிமைண்டருக்கு அப்புறம் பதில் போட்டவங்க முதல் நாளே போட்டவங்ககிட்ட இருந்து ரொம்ப வித்தியாசப்பட்டா, போடவே போடாதவங்க இன்னும் வித்தியாசமா இருப்பாங்கன்னு வெச்சுக்கலாம்.

கேள்வி: வாட்ஸ்அப் குரூப்ல லிங்க் போட்டா?

போடுங்க, ஆனா அதுக்கு ரெஸ்பான்ஸ் ரேட்னு ஒரு நம்பர் எழுதாதீங்க, எத்தனை பேர் பார்த்தாங்கன்னே தெரியாதப்போ எதால வகுப்பீங்க? பதில் போட்டது டாக்டர்தானான்னும் பார்த்துக்கோங்க.

கேள்வி: டாக்டருங்க இந்த மாதிரி சர்வேல என்னோட விவரத்தையும் சொல்லிடுவாங்களா? நான் ஒரு பேஷன்ட்.

வயசு, ஆணா பெண்ணா, என்ன நோய், என்ன மருந்து, இவ்வளவுதான் கேக்கணும். பேர், போன் நம்பர், ஆஸ்பத்திரி நம்பர் கேக்கற சர்வே தப்பான சர்வே. ரொம்ப அபூர்வமான நோயா இருந்தா வயசும் ஊரும் போதும் ஆளைக் கண்டுபிடிக்க, அந்த மாதிரி இடத்துல நாங்க ஊரை எடுத்துட்டு வயசையும் 40ல இருந்து 50ன்ற மாதிரி வீச்சாத்தான் வாங்குவோம்.

கேள்வி: பேட்டி எடுத்துக்கிட்டு இருக்கும்போது ஒரு டாக்டர் "இந்த மருந்து கொடுத்து ஒருத்தருக்கு உடம்பெல்லாம் தடிச்சுடுச்சு"ன்னு சொன்னாரு. நான் குறிச்சுக்கிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். சரிதானே?

கம்பெனிக்காக எடுக்கற பேட்டின்னா சரியில்ல. அது பக்கவிளைவு ரிப்போர்ட், அந்த மருந்து அந்தக் கம்பெனியோடதுன்னா ஒரு வேலை நாளுக்குள்ள அவங்க பாதுகாப்புப் பிரிவுக்குப் போயாகணும். சின்ன விஷயம், எல்லாருக்கும் தெரிஞ்ச பக்கவிளைவுன்னு நீங்களா தள்ளிவிடற உரிமை உங்களுக்கு இல்ல. டாக்டர்கிட்ட "நீங்க சொன்னதை நான் மேல அனுப்பணும், உங்க பேரோட அனுப்பலாமா, பேர் இல்லாமலா"ன்னு கேளுங்க. வேணாம்னா பேர் இல்லாமலே போகும், ஆனா போகும். இதை பேட்டி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடணும், இல்லன்னா நடுவுல டாக்டர் உஷாராயிட்டு அப்புறம் வாயத் திறக்க மாட்டாரு. குறிப்பு இன்னும் கையில இருந்தா இன்னிக்கே அனுப்பிடுங்க, லேட்டா போனாலும் பரவால்ல, எப்ப கேட்டீங்கன்ற தேதிய மட்டும் மாத்திப் போடாதீங்க.