பழைய வாத்தும் புது டிவியும்

போன இதழில் என் பிழைப்பைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன்: அந்தேரியில் ஒரு ஸ்டூடியோவில், வெளிநாட்டு கேம்களுக்குச் சுவர், தரை, கதவு வரைந்து கொடுப்பவள் என்று. அதன் பலன், இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு வழக்கமாக வரும் சொத்துத் தகராறும் மாமியார் தகராறும் ஓரம்போய், இந்த முறை வந்ததில் முக்கால்வாசி பழைய வீடியோ கேம் கேள்விகள்தான்.

கேள்வி: பரணைச் சுத்தம் செய்தபோது, பையனுக்கு 90-களில் வாங்கிய வீடியோ கேம் பெட்டியும் துப்பாக்கியும் கிடைத்தன. எல்.இ.டி டிவியில் மாட்டினேன். படம் வருகிறது, மரியோ ஓடுகிறது. வாத்து சுடும் கேமில் மட்டும் எவ்வளவு சுட்டாலும் ஒன்றுகூட விழவில்லை. துப்பாக்கி பழுதா? (ஒரு வாசகர், சயான்)

பழுதாக இருக்காது சார். பாவம், அது இன்னும் பழைய டிவியைத் தேடிக்கொண்டிருக்கிறது.

அந்த வாத்து கேம், நின்டெண்டோ 1984-இல் வெளியிட்ட டக் ஹன்ட். (நம் ஊரில் விற்றவை பெரும்பாலும் அந்தப் பெட்டியின் நகல்கள். கேசட் அட்டையில் 9999 கேம் என்று போட்டிருக்கும். உள்ளே சிலதையே திருப்பித் திருப்பிப் போட்டு ஒப்பேற்றியிருப்பார்கள்.) துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. குழலுக்குள் வெளிச்சத்தை உணரும் ஒரு சின்னக் கண் இருக்கிறது, அவ்வளவுதான். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுக்கும். அடுத்த கணம், வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம். முதலில் இருட்டு, பிறகு வெளிச்சம் என்று அந்தக் கண்ணுக்குத் தெரிந்தால் வாத்து காலி. எல்லாம் விநாடியில் அறுபதில் ஒரு பங்கு கணக்கில் நடக்கும் வேலை. எங்கள் அண்ணா டியூப்லைட்டைக் குறிபார்த்துச் சுட்டு ஏமாற்றப் பார்த்தான். திரை கறுத்த கணத்திலும் வெளிச்சம் தெரிந்ததால் கேம் ஏமாறவில்லை.

டியூப் டிவி, வருகிற படத்தை வந்த வேகத்திலேயே கோடு கோடாகத் தீட்டிவிடும். எல்.இ.டி டிவி அதை வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றி, அப்புறம்தான் காட்டும். துப்பாக்கி எட்டிப் பார்க்கிற நேரத்துக்குக் கட்டம் திரைக்கே வந்திருக்காது. 2014-இல் நின்டெண்டோவே வீ யூ என்ற தன் பிற்காலப் பெட்டிக்காக இந்த கேமை மறுபடி கொடுத்தபோது, பழைய துப்பாக்கியை விட்டுவிட்டு வீ ரிமோட்டைப் பிடிக்க வைத்தது.

ஆகவே ஒரு டியூப் டிவி தேடுங்கள். எங்கள் மாட்டுங்கா வீட்டில் இருந்ததை அம்மா பங்கார்வாலாவுக்கு எடைக்குப் போட்டுவிட்டாள். வந்த காசு இரண்டு கிலோ வெங்காயத்துக்குக் காணவில்லை.

கேள்வி: பழைய கேமைப் புதுப்பித்து ரீமாஸ்டர் என்கிறார்கள், ரீமேக் என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே? (ஒரு வாசகி, செம்பூர்)

மும்பைக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ரீமாஸ்டர் என்பது சொசைட்டி கட்டடத்துக்குப் பெயின்ட் அடிப்பது. ரீமேக் என்பது ரீடெவலப்மென்ட். இடித்துவிட்டு, அதே முகவரியில் வேறு கட்டடம்.

2021-இல் வந்த டயாப்லோ 2 ரெசரக்டட் என்ற கேம் பெயின்ட் வகை. உள்ளே ஓடுவது 2000-இல் வந்த பழைய கேமின் கணக்குதான், மேலே புது முப்பரிமாணப் படம். கணினியில் ஜி விசையை அழுத்தினால் பெயின்ட் உதிர்ந்து பழைய சுவர் தெரியும். எனக்கு மிகப் பிடித்த பொத்தான் அது. ரெசிடென்ட் ஈவில் 2 இடித்துக் கட்டியது. 1998-இல் கேமரா மூலைக்கு மூலை ஆணியடித்தாற்போல் நிற்கும். 2019-இல் அது நம் தோளுக்குப் பின்னாலேயே நடந்து வருகிறது. பைனல் பேன்டஸி 7 கதை இன்னும் வேடிக்கை. 1997 கேமின் முதல் நகரமான மிட்கார் மட்டுமே 2020-இல் ஒரு முழு கேமாகிவிட்டது. ஒரு படுக்கையறை வீட்டைக் கொடுத்தவருக்கு டவரே கிடைத்த மாதிரி. நம் பில்டர்கள் கவனிக்க.

கேள்வி: ஜிடிஏ சான் ஆன்ட்ரியாஸ் காலேஜ் நாளில் உயிர். புது வடிவத்தில் எல்லாமே பளிச்சென்று இருந்தது. ஆனால் ஊர் சுருங்கிவிட்ட மாதிரி இருந்தது. எனக்கு வயதாகிவிட்டதா? (ஒரு வாசகர், டோம்பிவிலி)

வயதாகியிருக்கும், ஆனால் குற்றம் அதனுடையது இல்லை.

2004-இல் அந்த கேம் ஓடிய பிளேஸ்டேஷன் 2-இன் நினைவகம் 32 மெகாபைட். அதை வைத்துக்கொண்டு மூன்று நகரம், காடு, பாலைவனம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காட்ட முடியாது. அதனால் தூரத்தை ஒரு மங்கலான புகையில் மறைத்தார்கள். அந்தப் புகைக்கு அந்தப் பக்கம் என்னவோ இருக்கிறது என்று நாம் நம்பினோம், மணிக்கணக்கில் வண்டி ஓட்டினோம். 2021-இல் மூன்று பழைய ஜிடிஏ-க்களைச் சேர்த்துப் புதுப்பித்தவர்கள் புகையை விலக்கிவிட்டார்கள். கேமில் வரும் சிலியாட் மலை உச்சியில் நின்றால் எதிர்க்கோடி நகரம் வரை தெரிந்தது. அவ்வளவுதானா ஊர் என்று ஆகிவிட்டது. கேமை வெளியிட்ட ராக்ஸ்டார் நிறுவனம் அந்த மாதமே வெளியீட்டின் நிலைமைக்காக மன்னிப்புக் கேட்டது. 2024 நவம்பரில், பழைய வானத்தைத் திருப்பித் தரும் ஒரு வசதியும் வந்தது.

வெளியிலிருந்து சிரிக்கலாம். நானும் அதே தப்பைச் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பழைய கேமின் சுவர் என் மேஜைக்கு வந்தது. மூலப்படம் அகலம் 64 புள்ளி, உயரம் 64 புள்ளி; பழுப்பாக, களிம்பு தடவினாற்போல. பத்து நாள் உட்கார்ந்து ஒவ்வொரு செங்கல்லாக வரைந்தேன். பாசி, விரிசல், சுண்ணாம்புக் கசிவு, ஆணி அடித்த ஓட்டை. மழைக்கால தாதர் சுவர் தோற்றுப்போகும். விளையாடிப் பார்க்கிற பையன் உள்ளே போனான், சுவரைப் பார்த்தான், இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தான். பக்கத்தில் இருந்த கதவை நாலு நிமிஷம் கண்டுபிடிக்கவில்லை. மூலத்தில் அந்த அறையில் தெளிவாக இருந்த ஒரே பொருள் அந்தக் கதவு. என் மேலாளர் திட்டக்கூட இல்லை, "சுவர் நல்லா இருக்கு, கதவு எங்கே?" என்றார். பத்து நாள் வேலையை அரை நாளில் மங்கலாக்கினேன்.

அந்தக் காலத்து ஓவியர் கெட்டிக்காரத்தனமாக மங்கலாக்கினாரா, இல்லை வேறு வழியில்லாமலா? இரண்டும் சேர்ந்துதான் என்பது என் கணிப்பு. இப்போதெல்லாம் எதையாவது துலக்குவதற்கு முன், அது எதை மறைக்க நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பிரஷ்ஷைத் தொடுகிறேன்.

கேள்வி: அக்கா, நான் பத்தாவது படிக்கிறேன். மரியோவை நல்ல கிராபிக்ஸோடு நானே செய்ய முடியுமா? (ஒரு மாணவர், தாராவி)

பழகுவதற்குச் செய்யலாம் தம்பி. அந்தப் பெயரையும் மீசையையும் வைத்து வெளியிட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும். கேம் செய்ய கோடோ, முப்பரிமாணப் படம் செய்ய பிளெண்டர், இரண்டு மென்பொருளும் இலவசம்.

ஆனால் கிராபிக்ஸை முதலில் தொடாதே. 1985-இன் சூப்பர் மரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட். உங்கள் வீட்டு வாட்ஸ்அப்பில் வரும் குட்மார்னிங் ரோஜாப்பூ அதைவிடப் பெரிதாக இருக்கும். அதில் மேகமும் புதரும் ஒரே படம், நிறம்தான் வேறு. அப்படியும் மக்கள் விட்டபாடில்லை, காரணம் அந்தத் தாவல். பொத்தானைத் தட்டினால் சின்னத் தாவல், அழுத்திப் பிடித்தால் உயரத் தாவல். வெறும் கட்டம் ஒன்றை வைத்து அதை மட்டும் சரியாகக் கொண்டு வா. உன் தங்கை பத்து நிமிஷம் சும்மா தாவிக்கொண்டே இருந்தால் மீதியை வரையலாம்.

கேள்வி: கேசட்டை ஊதினால் வேலை செய்ததே, என்ன மாயம்? (ஒரு வாசகி, முலுண்ட்)

கழற்றி மறுபடி மாட்டியதுதான் வேலை செய்தது. ஊதியதால் எச்சில் ஈரம் பட்டு உலோகப் பற்கள் கறுத்தன. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள்; லாமிங்டன் ரோடில் கேட்டால் தருவார்கள்.