இருபது பேர், ஒரு வேன், ஒரு நாள்: சேலத்துக்காரங்க கேள்வியும் என் பதிலும்

அம்மாப்பேட்டையிலிருந்து: அக்கா, தறிப்பட்டறை ஆளுங்க, குடும்பங்கள்னு இருபது பேர் போறோம். எந்தத் தீம் பார்க் போகலாம், பெங்களூரு ஒண்டர்லாவா, மேட்டுப்பாளையம் பிளாக் தண்டரா? செலவு கையைக் கடிக்கக் கூடாது.

பிளாக் தண்டர் போங்க தம்பி. ராட்டினங்களைப் பொறுத்தவரை ஒண்டர்லா ஒரு படி மேலதான். ஆனா அது பெங்களூரு தாண்டி, மைசூர் ரோட்டுல பிடதியில இருக்கு. ஊருக்குள்ள நுழையாம சுத்திப் போற நைஸ் ரோடு பிடிச்சுப் போனாலும் போக அஞ்சு மணி நேரம், வர அஞ்சு மணி நேரம். நம்ம ஊர் வேன் கர்நாடகாவுக்குள்ள நுழையற பெர்மிட் செலவும் சேரும். மேட்டுப்பாளையத்துக்குப் பவானி, அவிநாசி, அன்னூர் வழியா மூணு, மூணரை மணி நேரத்துல போயிடலாம். குழந்தைங்க களைக்காம இறங்குவாங்க.

வேன் பேசறப்பவே டோல், டிரைவர் பேட்டா, பார்க்கிங் எல்லாம் வாடகையில சேர்த்தியா, தனியான்னு கேட்டு எழுதி வாங்குங்க. ஊர் திரும்பினதும் மனஸ்தாபம் வர்றது பெரும்பாலும் இந்தக் கணக்குலதான். கிளம்பறதுக்கு முன்னாடியே எல்லார்கிட்டயும் பணம் வாங்கி ஒருத்தர் கையில வைங்க. சனி, ஞாயிறு, மே மாசம், காணும் பொங்கல் வேண்டவே வேண்டாம். கூட்டத்துல பாதி நாள் வரிசையிலேயே போயிடும்.

சூரமங்கலத்திலிருந்து: புளிசாதம் கட்டிட்டுப் போகலாமா?

வழியில சாப்பிடத் தாராளமா கட்டுங்க. தீம் பார்க் உள்ள வெளிச்சாப்பாடு விடமாட்டாங்க. உள்ளே பன்னெண்டு மணிக்கே சாப்பிட்டுடுங்க. மத்தவங்க சாப்பிடப் போற நேரத்துல பெரிய ராட்டினங்கள்ல வரிசை குறையும். ஆனா சாப்பிட்ட கையோட சுத்தற ராட்டினம் ஏறாதீங்க. கொஞ்ச நேரம் நிழல்ல உட்கார்ந்துட்டுப் போங்க.

கொண்டலாம்பட்டியிலிருந்து: தண்ணியில இறங்க என்ன துணி?

நைலான், பாலியஸ்டர். பருத்தி, சேலை, ஜீன்ஸ் போட்டா இறங்க விடமாட்டாங்க. வாசல்ல அவசரமா வாங்கினா விலை அதிகம். சின்னக் கடைவீதியில முன்னாடியே வாங்கிடுங்க.

அஸ்தம்பட்டியிலிருந்து: பாட்டிக்கு மூட்டு வலி, பேரனுக்கு நாலு வயசு. ரெண்டு பேரும் வரணும்னு ஆசைப்படறோம்.

அவங்களுக்காகவே போறதா இருந்தா தீம் பார்க் வேண்டாம்மா. பேரனுக்கு உயரம் போதாதுன்னு பல ராட்டினத்துல ஏத்த மாட்டாங்க, பாட்டி நாள் முழுக்கப் பெஞ்சுல காத்திருக்கணும். காலையில ஏற்காடு மலை அடிவாரத்துல குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா பாருங்க. செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை. அப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினா ஏற்காடு ஏரி. படகுல பாட்டியும் பேரனும் சேர்ந்தே உட்காரலாம். வளைவுல வாந்தி வராம இருக்க, ஏறறதுக்கு முன்னாடி வயிறு முட்டக் கொடுக்காதீங்க.

ஏற்காட்டிலிருந்து: நாங்க பத்துப் பேர் ஒண்டர்லாதான்னு முடிவு பண்ணிட்டோம். ஒரே நாள்ல போய் வரலாமா?

முடியும், ஆனா இருட்டுல மலை இறங்காதீங்க. முந்தின ராத்திரி சேலத்துல சொந்தக்காரங்க வீட்டுல தங்கி, விடியக்காலை கிளம்புங்க. டிக்கெட் ஆன்லைன்ல முன்கூட்டியே எடுங்க. கல்லூரிப் பிள்ளைங்க அடையாள அட்டை கொண்டு போகட்டும், சலுகை இருக்கான்னு கேளுங்க. திரும்பறப்ப தர்மபுரி தாண்டினதும் தொப்பூர் கணவாய் இறக்கம். விபத்து அடிக்கடி நடக்கற இடம். டிரைவர் பகல்ல வண்டியில படுத்துத் தூங்கினாரான்னு கேட்டுக்குங்க, அவருக்கும் சாப்பாடு வாங்கிக் கொடுங்க. அதுக்கு முன்னாடியே கிருஷ்ணகிரியில நிறுத்தி டீ குடிச்சுட்டு, "மெதுவாவே போங்கண்ணா"ன்னு நீங்களே சொல்லுங்க.