மருந்துத் தட்டு கையில் இருக்கும்போது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி பயிற்சித் தாதியர் எழுதியவை. மீதி, பினாங்கிலும் அக்கம்பக்கத்திலும் வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் எழுதியவை. வார்டிலும் பிறகு தாதியர் வகுப்பிலுமாகக் காலம் கழித்த எனக்கு இந்த இரண்டு வேலைக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. மருந்தைக் கடைசியாகத் தொடுகிற கை இரண்டிடத்திலும் ஒன்றுதான்.

சிஸ்டர், இன்சுலின் போடும்முன் இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும் என்று படித்தோம். வார்டில் மூத்த தாதி பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார். நான் என்ன செய்வது? (இரண்டாம் ஆண்டு மாணவி, ஆயர் ஈத்தாம்)

மகளே, அதை உன்மேல் அவர் வைத்திருக்கும் நம்பிக்கை என்று எடுத்துக்கொள்ளாதே. அந்தக் கையெழுத்தால் நோயாளிக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை. எட்டிப் பார்த்துத் தலையாட்டுவதும் சரிபார்ப்பு ஆகாது. இரண்டாவது ஆள் மருந்துச் சீட்டைத் தாமே படிக்க வேண்டும், அளவைத் தாமே கணக்கிட வேண்டும், அதன் பிறகே உன் கையில் இருப்பதோடு ஒப்பிட வேண்டும். உன் விடையை முதலில் சொல்லிவிட்டால் அவர் கண்ணும் அந்த விடையைத்தான் தேடும். ஆகவே, "நான்கு யூனிட் எடுத்திருக்கிறேன், சரியா?" என்று கேட்காதே. சீட்டையும் மருந்துக் குப்பியையும் நீட்டி, "இதில் எத்தனை யூனிட் போட்டிருக்கிறது, படித்துச் சொல்லுங்கள் சிஸ்டர்" என்று கேள். மரியாதையும் கெடாது, அவர் படித்தும் ஆக வேண்டும்.

என் பயிற்சிக் காலத்தில் சீட்டெல்லாம் கையெழுத்தில்தான் வரும். ஒரு காலை, நான்கு என்ற எண்ணை ஒட்டி, யூனிட்டைக் குறிக்க ஆங்கில 'யூ' எழுத்தை மட்டும் மருத்துவர் எழுதியிருந்தார். அவசரத்தில் அதன் வாய் மூடிக்கொண்டது. எனக்கு அது பூச்சியமாகத் தெரிந்தது. நாற்பது யூனிட் எடுத்தேன். பக்கத்தில் நின்றவர் பார்க்காமல் கையெழுத்திட்டார். ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட் உள்ள மருந்து அது. நாற்பது யூனிட் என்றால் அரை மில்லிலிட்டர்கூட இல்லை. எனக்கு உறுத்தவே இல்லை. கட்டிலில் இருந்த பாட்டி சட்டையை விலக்கி வயிற்றைக் காட்டியவர், ஊசியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தினமும் அடியில் கொஞ்சம்தானே இருக்கும், இன்றைக்கு என்னம்மா பாதிக்கு நிற்கிறது?"

என் கை அப்படியே நின்றது. பத்து மடங்கு இன்சுலின் உள்ளே போயிருந்தால் அவருடைய சர்க்கரை எந்த மட்டத்துக்கு இறங்கியிருக்கும் என்று அன்று இரவெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தேன். யூனிட் என்ற சொல்லை முழுதாக எழுத வேண்டும் என்கிற விதி இப்படிப்பட்ட விபத்துகளிலிருந்து பிறந்ததுதான். 0.5 என்பதை முன்பூச்சியம் இல்லாமல் எழுதினால், புள்ளி கண்ணில் படாமல் ஐந்தாகிவிடும். 1 என்பதை 1.0 என்று எழுதினால் பத்தாகிவிடும். இன்னொன்றும் சொல்கிறேன். "இது புது மாத்திரையாக இருக்கிறதே" என்று நோயாளி சொன்னால், "டாக்டர் எழுதியதுதான் அம்மா" என்று வாயை அடைக்காதே. திரும்பிப் போய்ச் சீட்டைப் பார்.

அப்பாவுக்குப் பக்கவாதம். மூக்குக் குழாய் வழியாகத்தான் உணவு, மருந்து எல்லாம். ஏழு மாத்திரைகளையும் ஒன்றாக இடித்துப் பாலில் கலந்து விடுகிறேன். சரிதானா? (பட்டர்வொர்த்)

இன்றோடு நிறுத்திவிடுங்கள் ஐயா. முதலில் அந்த ஏழையும் எடுத்துக்கொண்டு, மருந்து வாங்கும் இடத்தில் இருக்கும் மருந்தாளரிடம் காட்டுங்கள். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., எல்.ஏ., சி.ஆர். என்று இருந்தால் அது நாள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதற்கென்று செய்தது. இடித்தால் ஒரு நாளைய மருந்து ஒரே மூச்சில் இரத்தத்தில் இறங்கும். நீண்ட நேரம் வேலை செய்யும் நிஃபெடிபின் என்ற இரத்த அழுத்த மாத்திரையை இடித்துக் கொடுத்தால் இரத்த அழுத்தம் சரசரவென்று சரிந்துவிடும். குடலில் கரையும்படி மேல்பூச்சு உள்ள மாத்திரைகளையும் இடிக்கக்கூடாது. இவற்றுக்குப் பதிலாகத் திரவ மருந்தோ சாதாரண மாத்திரையோ கிடைக்கக்கூடும். நீங்களாக எதையும் நிறுத்திவிட வேண்டாம்.

இடிக்கலாம் என்று அவர் சொல்பவற்றைத் தனித்தனியாக இடித்து, தண்ணீரில் கரைத்து, ஒன்றன்பின் ஒன்றாக விடுங்கள். பாலில் கலந்தால் குழாய் அடைக்கும். அப்பா பாலை முடிக்காவிட்டால் எவ்வளவு மருந்து போனது என்றும் தெரியாது. தொடங்கும்முன்னும் முடித்தபின்னும் 15 முதல் 30 மி.லி. தண்ணீர் விடுங்கள். சிறுநீரகத்துக்காகவோ இதயத்துக்காகவோ தண்ணீர் அளவு குறைத்திருந்தால் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மூக்கருகே குழாயில் உள்ள அடையாளம் நகர்ந்திருந்தால் ஒரு சொட்டுகூட விடாமல் தாதியை அழையுங்கள்.

இரத்தக்குழாய் வழியாக ஏற்றும் திரவத்துக்கான சொட்டுக் கணக்கு எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. 500 மி.லி., எட்டு மணி நேரம்.

மி.லி.யைச் சொட்டு எண்ணிக்கையால் பெருக்கி, நிமிடத்தால் வகுக்க வேண்டும். ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விழும் குழாய் என்றால் 500 × 20 ÷ 480 = 20.8, அதாவது நிமிடத்துக்கு 21 சொட்டு. 60 சொட்டுக் குழாயில் இதே கணக்கு 63 ஆகிவிடும். எந்தக் குழாய் என்பது உறையிலேயே அச்சாகியிருக்கும். உறையைக் குப்பையில் போடும்முன் படித்துவிடு. பிறகு கடிகாரத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து ஒரு முழு நிமிடம் எண்ணு.

தைராய்டு மாத்திரையைக் காலையில் தே தாரிக்கோடு விழுங்குகிறேன். தவறா?

தவறுதான். தைராக்சின் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு. தே தாரிக், காப்பி, பசியாறல் எல்லாம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

பேரனுக்குக் காய்ச்சல் என்றால் பாராசிட்டமோல் சிரப் ஒரு கரண்டி கொடுப்பேன். மருமகள் அளவு அதிகம் என்கிறாள். (பாயான் லெப்பாஸ்)

மருமகள் சொல்வதைக் கேளுங்கள் அம்மா. குளிர்பெட்டியைத் திறந்து போத்தலைக் கையில் எடுங்கள். 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ளதும் கடையில் கிடைக்கிறது, 250 மி.கி. உள்ளதும் கிடைக்கிறது. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு, கிலோவுக்கு 15 மி.கி. வீதம் ஒரு வேளைக்கு 150 மி.கி. போதும். முதல் போத்தலில் அது ஆறு மி.லி.க்குச் சற்று மேல். இரண்டாவதில் வெறும் மூன்று மி.லி. போத்தல் மாறியது தெரியாமல் அதே ஆறு மி.லி.யைக் கொடுத்தால் இரண்டு மடங்கு போய்விடும். சமையல் கரண்டி வேண்டாம். ஊசியில்லாத அளவுக் குழாய் மருந்தகத்தில் வாங்கலாம்.

வீட்டில் நான் அதிகம் அஞ்சுவது, பாட்டி கொடுத்தது தெரியாமல் அம்மாவும் கொடுப்பதைத்தான். குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டி, கொடுத்த நேரத்தை உடனே எழுதுங்கள். குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் கிடையாது. அதிகமாகப் போய்விட்டது என்று தெரிந்தால், குழந்தை விளையாடிக்கொண்டிருந்தாலும் காத்திருக்காதீர்கள். பாராசிட்டமோல் கல்லீரலைத் தாக்கும்போது முதல் நாள் வெளியே ஒன்றும் தெரியாமல் போகலாம். அந்த நஞ்சை முறிக்கும் மருந்தோ எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். போத்தலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். நம் பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்திடமும் தொலைபேசியில் ஆலோசனை கேட்கலாம்.

வார்டில் இரண்டு லெட்சுமிகள். ஒருவருடைய அம்லோடிபின் என்ற இரத்த அழுத்த மாத்திரையை மற்றவருக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு மணி நேரமாகியும் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை; யாரும் பார்க்கவுமில்லை. சொல்லித்தான் ஆக வேண்டுமா? (தாதி, கோலாலம்பூர்)

சொல்லித்தான் ஆக வேண்டும். எழுதும்போது உங்கள் கை நடுங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு மணி நேரம் ஒன்றுமே ஆகாதது நல்ல செய்தி இல்லை. அம்லோடிபின் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில்தான் உச்சத்துக்கு வரும். ஒரு நாளுக்கு மேலும் உடலில் நிற்கும். அவர் ஏற்கெனவே வேறு இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவரா என்று மருத்துவர் பார்த்தாக வேண்டும். மருந்து கிடைக்காத இன்னொரு லெட்சுமியும் இருக்கிறார், மறந்துவிடாதீர்கள். மருந்துப் பிழைகளைத் தெரிவிக்கச் சுகாதார அமைச்சு ஒரு முறையை வைத்திருப்பதே, அடுத்த வார்டில் இது நடக்காமல் இருக்கத்தான்.

"லெட்சுமிதானே நீங்கள்?" என்று இனி எந்தக் கட்டிலருகிலும் கேட்காதீர்கள். காது கேட்காதவரும் அரைத்தூக்கத்தில் இருப்பவரும் எதற்கும் தலையாட்டுவார்கள். "உங்கள் பெயர் என்னம்மா, அப்பா பெயர் என்ன?" என்று கேட்டு அவர் வாயால் வரவழையுங்கள். பிறகு கைப்பட்டையில் அடையாள அட்டை எண்ணைப் பாருங்கள்.

இப்போது போய் மேற்பார்வைத் தாதியிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள், இரத்த அழுத்தம் பார்த்துக் குறித்து வையுங்கள். பிறகு அந்த அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து நடந்ததை அவரிடமே சொல்லுங்கள். இரவில் எழுந்தால் தலை சுற்றலாம், கழிவறைக்குத் தனியாகப் போக வேண்டாம் என்று சொல்லி, அழைப்பு மணியை அவர் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டு வாருங்கள்.