மாமியார் வீட்டு இரட்டையர் கணக்கில் வருவார்களா?

கேள்வி: எனக்கு வயது 29, திருமணமாகி ஓராண்டு ஆகிறது. என் கணவரும் அவருடைய தங்கையும் ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள். என் சித்திக்கு (அம்மாவின் தங்கை) ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரட்டைக் குழந்தைகள் உண்டு. நீர்க்கட்டிப் பிரச்சினைக்கு மாத்திரை சாப்பிட்டுக் கருத்தரித்த என் பெரியம்மா மகளுக்கும் சென்ற ஆண்டு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. “இரண்டு பக்கமும் இருக்கிறது, உனக்கும் இரட்டைதான்” என்கிறார் என் மாமியார். அவர் சொல்வது நடக்குமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்.

பதில்: நீங்கள் குறிப்பிட்டுள்ள மூன்று இரட்டையர்களில் உங்கள் வாய்ப்போடு தொடர்புடையவர்கள் சித்தியின் குழந்தைகள் மட்டுமே.

ஒரே கரு இரண்டாகப் பிரிந்து உருவாகும் இரட்டையர் பெரும்பாலும் குடும்பவழி வருவதில்லை. உலகில் எங்கு பார்த்தாலும் ஏறத்தாழ 1,000 பிரசவங்களுக்கு 3 அல்லது 4 என்ற அளவிலேயே அவர்கள் பிறக்கிறார்கள். குடும்பவழி வருவது, ஒரே மாதத்தில் இரண்டு கருமுட்டைகள் வெளிப்பட்டு இரண்டும் தனித்தனியே கருவுறும் வகைதான். ஆணும் பெண்ணுமாகப் பிறந்த இரட்டையர் அநேகமாக எப்போதுமே இந்த வகையினர் என்பதால், உங்கள் சித்தி குழந்தைகளைப் பற்றியும் உங்கள் கணவரைப் பற்றியும் எந்தச் சோதனையும் இல்லாமலே இதைச் சொல்லிவிடலாம்.

கருமுட்டையை முதிரச் செய்வது எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன். நெதர்லாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் இவ்வகை இரட்டையரைப் பெற்ற தாய்மார்களிடம் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வு, இந்த ஹார்மோனின் அளவோடு தொடர்புடைய எஃப்.எஸ்.எச்.பி., அந்த ஹார்மோனுக்குச் சினைப்பை காட்டும் எதிர்வினையோடு தொடர்புடைய ஸ்மேட்3 ஆகிய இரண்டு மரபணுக்களில் உள்ள சிறு மாறுபாடுகள் அவர்களிடம் கூடுதலாகக் காணப்படுவதைக் கண்டறிந்தது. இரண்டு முட்டைகள் வெளிப்படுவது பெண்ணின் சினைப்பையில் நிகழும் செயல் என்பதால், கணவரிடம் அந்த மாறுபாடு இருந்தாலும் மனைவியின் சினைப்பையில் அது எதையும் மாற்றாது. ஆனால் அதை அவர் தம் மகளுக்குக் கொடுக்க முடியும். எனவே உங்கள் மாமியாரின் கணிப்பு உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும், பிற்காலத்தில் அவருடைய பேத்திக்குப் பொருந்தக்கூடும். ‘ஒரு தலைமுறை விட்டு மறு தலைமுறையில் வரும்’ என்று நம் வீடுகளில் சொல்வதற்கும் இப்படி மகன் வழியாகப் பேத்தியைச் சென்றடைவதே காரணமாக இருக்கலாம். மற்றபடி தலைமுறையைத் தாண்டித்தான் வர வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை.

பெரியம்மா மகளின் குழந்தைகளைக் குடும்பக் கணக்கில் சேர்க்க வேண்டாம். குளோமிஃபீன் போன்ற கருமுட்டை வளர்ச்சி மாத்திரைகளால் கருத்தரிப்போரில் 100-க்கு 5 முதல் 10 பேருக்கு இரட்டைக் கரு உண்டாகிறது. அது மருந்தின் விளைவு. செயற்கைக் கருத்தரிப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்களைக் கருப்பையில் வைப்பதால் பிறக்கும் இரட்டையருக்கும் இதுவே பொருந்தும். (ஒட்டிப் பிறந்த வாழைப்பழத்தைச் சாப்பிடாதே என்று யாராவது தடுத்தால், பழத்தைத் தாராளமாகச் சாப்பிடுங்கள்.)

இனிச் சித்திக்கு வருவோம். தாய்க்கோ உடன்பிறந்த சகோதரிக்கோ இவ்வகை இரட்டையர் பிறந்திருந்தால் ஒரு பெண்ணின் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகும். சித்தி அதற்கு அடுத்த நிலை உறவு என்பதால் உங்களுக்கு அதைவிடக் குறைவாகவே கூடும். அந்த இரண்டு மடங்கையே வைத்துக்கொண்டாலும், 100 பிரசவங்களில் ஒன்று என்பது இரண்டாகும், அவ்வளவுதான். மீதி 98-இல் ஒற்றைக் குழந்தையே பிறக்கும். 35 வயதைக் கடந்த பெண்களுக்கு எஃப்.எஸ்.எச். அளவு உயர்வதால் இரட்டைக் கருவின் வாய்ப்பு தானாகவே சற்றுக் கூடும். அதற்காகக் கருத்தரிப்பைத் தள்ளிப்போடுவது அறிவுடைமையாகாது.

கருத்தரித்தபின் முதல் முறை மருத்துவரைப் பார்க்கும்போது சித்தியைப் பற்றிச் சொல்லுங்கள். ஒருவேளை ஸ்கேனில் இரட்டைக் கரு தெரிந்தால், இருவருக்கும் தனித்தனி நஞ்சுக்கொடியா, ஒன்றேயா என்பதை 11 முதல் 14 வாரத்துக்குள் கேட்டு, ஸ்கேன் அறிக்கையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் கருக்களுக்கு ரத்த ஓட்டம் சமமாகப் போகாமல் சிக்கல் நேரலாம் என்பதால், 16-ஆவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்க்க வேண்டியிருக்கும். 14 வாரம் கடந்துவிட்டால், நஞ்சுக்கொடி தனித்தனியா, ஒன்றேயா என்பதைப் பின்னர் துல்லியமாகச் சொல்வது கடினம்.