அக்காவிடம் கேளுங்கள்: நடுச்சாமத்து வெயிலில் நாலு கூட்டாளிகள்

போன இதழில் நோர்வேக் கரையோரமாகக் கப்பலில் போய்வந்ததை இரண்டு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். சரி, இம்முறை சமையல் கேள்விகள் கொஞ்சம் பொறுத்திருக்கட்டும்.

அக்கா, உல்லாசக் கப்பலில் போகிற அளவுக்கு வசதி வந்துவிட்டதா? – உவர்மலை வாசகர்

குத்தல் விளங்குகிறது தம்பி. டிக்கெட் எடுத்தது அங்கே இருக்கிற என் பள்ளிக்கூடக் கூட்டாளிகள் மூன்று பேர். நான் கொண்டுபோனது இரண்டு கிலோ வறுத்த மிளகாய்த்தூள். அப்புறம், அது நீங்கள் நினைக்கிற ஆட்டம் பாட்டக் கப்பலும் இல்லை. 1893இல் தபாலும் சாமானும் ஏற்றத் தொடங்கிய வழி அது. இன்றைக்கு பேர்கனிலிருந்து ரஷ்ய எல்லைக்குப் பக்கத்திலுள்ள கிர்க்கனெஸ் வரை 34 துறைகளில் நின்று நின்று போகிறது. ஒரு துறையில் பிள்ளையை வண்டிலில் தள்ளிக்கொண்டு ஒருத்தி ஏறுவாள், அடுத்த துறையில் இறங்கிப் போய்விடுவாள். எனக்கு மூதூர் லாஞ்ச் ஞாபகம்தான் வந்தது. கோழிக்கூடும் வாழைக்குலையும் இல்லாத மூதூர் லாஞ்ச்.

சத்தி வந்ததா? – மூதூர் வாசகி

வந்தது. தீவுகளுக்கு உள்ளால் போகும்வரை குளத்தில் போகிற மாதிரித்தான் இருக்கும், தீவு மறைப்பில்லாத ஹுஸ்தாத்விக்கா என்ற இடத்தில் வெளிக்கடல் ஒரு பிடி பிடித்தது. இஞ்சி உதவும், வீரம் உதவாது.

அங்கே உப்பே போடாமல் கருவாடு போடுகிறார்களாமே, பழுதாகாதா? – நிலாவெளி, கடற்தொழிலாளி

இதைக் கேட்டதற்கு உங்களுக்கு ஒரு கும்பிடு அண்ணை. லோஃபோத்தன் தீவுகளில் கொட் மீனைத் தலை வெட்டி, குடல் எடுத்து, இரண்டிரண்டாக வாலில் கட்டி மரப்பரணில் தொங்கவிடுகிறார்கள். பெப்ரவரியில் தொடங்கினால் மே வரை காற்றே காய வைத்துவிடும். சூட்சுமம் குளிரில் இருக்கிறது: பூச்சியத்தை ஒட்டிய குளிரில் மீன் அழுகாது, ஈ இன்னும் பிறந்திருக்காது, ஆனால் இறுகி உறைந்துபோகிற கடுங்குளிரும் இல்லை. நம் வெயிலில் உப்பில்லாமல் போட்டால் மத்தியானமே மணக்கத் தொடங்கிவிடும், அது உங்களுக்கே தெரியும். நல்ல மீன் இத்தாலிக்குப் போகிறது, தலைகள் நைஜீரியாவுக்கு. நாங்கள் போனது யூனில் என்பதால் பரண்கள் பெரும்பாலும் வெறுமை, மணம் மட்டும் அங்கேயே குடியிருந்தது. ஒரு துண்டு வாங்கிக் கடித்துப் பார்த்தேன். சம்பலுக்கு நம் கருவாடுதான்.

நாலு பெண்கள் ஒரு கிழமை ஒன்றாக இருந்தால் சண்டை வராதா? – சாம்பல்தீவு வாசகி

வந்தது. குறட்டைக்கு ஒன்று, சாளரத் திரையை மூடுவதா திறப்பதா என்று ஒன்று. ஆர்க்டிக் வட்டம் தாண்டிய பிறகு சூரியன் மறைகிறதே இல்லை, நடுச்சாமத்திலும் பின்னேரம் ஐந்து மணி வெயில் மாதிரி அடிக்கிறது, இதில் யார் நித்திரை கொள்வது?

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லவேண்டும். எண்பதுகளில் நம்மவர்கள் பலர் வடகோடி ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள். எங்களில் ஒருத்தியும் அப்படித்தான், போட்ஸ்ஃபியூர் என்ற சின்னத் துறைமுகத்தில் நாலு வருஷம் மீன் வெட்டியவள். கப்பல் அங்கே நள்ளிரவை ஒட்டித்தான் போய்ச் சேர்ந்தது. வழியெல்லாம் வாய் ஓயாதவள், அன்றைக்குச் சாப்பாட்டு மேசையிலேயே அடங்கிவிட்டாள். மேல்தளத்தில் நின்று ஒரு கட்டடத்தைக் காட்டி, "கை விறைச்சுப்போய், கத்தியைப் பிடிச்சிருக்கிறனோ விட்டிட்டனோ எண்டே தெரியாதடி" என்றாள். ஊருக்கு எழுதிய கடிதத்தில் எல்லாம் 'நல்ல இடம், நல்ல வேலை' என்றுதான் இருந்தது. அந்தக் கடிதங்களில் இரண்டு எனக்கு வந்தவை. அவளைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

படி இறக்கியிருந்தார்கள். இறங்கி ஒரு முறை நிலத்தில் மிதித்துவிட்டு வா என்றோம். மாட்டேன் என்றுவிட்டாள். பெட்டிகள் ஏறி முடிந்து கயிறு அவிழ்க்கும்வரை அந்த வெயிலில் அப்படியே நின்றாள், பிறகு, "தேத்தண்ணி குடிப்பம், வாங்கோ" என்று முன்னால் நடந்தாள். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

திமிங்கிலம் பார்த்தீர்களா? – கிண்ணியாவிலிருந்து ஒரு மாணவன்

ஒரு வால்கூட இல்லை! நீலத் திமிங்கிலம் பார்க்க வெளிநாட்டார் நம் கடலுக்கு வருகிறார்கள், நான் அதை விட்டுவிட்டு அங்கே குளிரில் கண்ணைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். வருகிற மே மாதம் மூன்று பேரும் இங்கே வருகிறார்கள். படகு பேசியாயிற்று. ஆட்டம் குறைந்த பின்பக்க இருக்கை யாருக்கு என்று வாட்ஸ்அப்பில் இப்போதே அடிபடுகிறோம்.